சாமி முடி

அந்த வருஷத்துக் காலைகளை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது நீட்டிய ஒரு சின்ன உள்ளங்கை. திருச்சுழி போகும் ஏழரை மணி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். நான் சீப்பும் எண்ணெய்க் கிண்ணமுமாகத் தரையில் உட்கார்ந்திருப்பேன். எதிரே என் மகள், மூன்றரை வயது, லாரியை நிறுத்தும் போலீஸ்காரரைப் போலக் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். "தொடாத. சாமி முடி" என்பாள்.

பிறந்ததிலிருந்து கத்திரிக்கோல் படாமல் வளர்ந்த முடி அது. இடுப்பைத் தொட்டது. எங்கள் வெயிலுக்கும் புழுதிக்கும் காலையில் கறுப்பாக இருப்பது சாயங்காலம் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். வேர்வையில் பிடரியெல்லாம் கட்டி வந்தது, பேன் வந்தது, சிக்கு வந்தது. குலசாமிக்கு நேர்ந்துவிட்ட முடி, மாசி மாதம் கோயிலில் நடக்கும் களரித் திருவிழாவில் இறக்கும் வரை வெட்டக் கூடாது என்று ஒருநாள் விளக்கிச் சொன்னேன். அது நான் செய்த தப்பு. அவள் அதை ஒரு சட்டமாகவே எடுத்துக்கொண்டாள். சாமியுடைய முடியை அம்மா எப்படிச் சீவலாம், எப்படி எண்ணெய் வைக்கலாம், எப்படி அதன் மேல் தண்ணீர் ஊற்றலாம்? இருமல் மருந்தைக் கொண்டுபோனாலும் முதுகைத் திருப்பிக்கொண்டு முடியைக் காட்டுவாள். "சாமி முடி வச்சிருக்கவுக மருந்து குடிக்க மாட்டாக." இந்தச் சட்டத்தின் அடுத்த பிரிவை அவள் எப்போது சேர்ப்பாள் என்று எனக்குத் தெரியாது.

நான் திருச்சுழிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நர்ஸாக இருக்கிறேன். அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போவேன். என் சுகாதார நிலையத்துக்கு அடுத்த சுவர்தான் அங்கன்வாடி. அவளை அங்கே விட்டுவிட்டு ஊசிப் பெட்டியுடன் கிளம்பிவிடுவேன். ஒருநாள் அங்கன்வாடி டீச்சர் என்னை வாசலில் நிறுத்தினார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"நர்ஸம்மா, ஒங்க மக இங்க கோயில் நடத்துறா தெரியுமா?"

"என்ன செய்றா?"

"பிள்ளைக எல்லாம் வரிசையில நின்னு அவ முடியத் தொட்டுக் கும்பிடுதுக. தொட்டுக் கும்பிட்டா முட்டையில வெள்ளக் கருவ இவகிட்டக் குடுத்துரணும். மஞ்சக் கரு வேணாமாம். சாமிக்குப் பிடிக்காதாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்குத் திரும்ப பஸ் ஏறியதும் ஒரு கேள்வி வந்தது. சாமி பெயரில் முட்டை வாங்கித் தின்றால் அதற்கும் ஏதாவது தண்டனை உண்டா? எனக்கு அருப்புக்கோட்டை வரும்வரை அதே யோசனைதான். இப்படி யோசிக்கிறவள் நான் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

ஏனென்றால் என் வேலையே அப்படி யோசிக்காதீர்கள் என்று ஊருக்குச் சொல்வதுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவர்கள், மிளகாய் பறித்தவர்கள். அண்ணன் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டான். நான் மட்டும் பன்னிரண்டு முடித்து, நர்ஸ் பயிற்சி முடித்து, வெள்ளைச் சேலையில் அந்த ஊர்களுக்குள் போனேன். நான் எழுதும் பதிவேடுகளில் அடித்தல் திருத்தல் இருக்காது. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சாமி கோபம் என்று சொல்கிற வீடுகளில் உட்கார்ந்து, அது கிருமி, சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். ஒரு தடவை அப்படிப் பேசியபோது ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க ஊசியப் போடுங்க நர்ஸம்மா, நான் வேப்பிலையப் போட்டுக்கிறேன். ரெண்டு பேரும் சண்ட போடாமப் பிள்ளையப் பாப்பமே." எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் அவளுக்கு என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

மகள் எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டாள். எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். கண்ணாடி அறைக்குள் அவள், வெளியே வயிற்றுத் தையல் இழுக்க இழுக்க நான். படிக்காத ஒரு தாய் டாக்டரின் முகத்தைப் பார்த்துப் பயந்திருப்பாள். நான் படித்தவள், மகளின் தலைமாட்டில் மிஷினில் ஓடிய எண்களைப் பார்த்தே பயந்தேன். எந்த எண் எவ்வளவு இறங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்திருப்பதைப் போல ஒரு கொடுமை இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரின் குலசாமியை வேண்டினேன். பிள்ளையைக் கொடுத்துவிடு, முதல் முடியை உன் வாசலில் தாய்மாமன் மடியில் வைத்து இறக்குகிறேன் என்றேன்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் வேண்டுவது இவ்வளவுதான். ஆனால் பதிவேடு எழுதிப் பழகிய புத்தி எதையும் அரைகுறையாக விடாது. "அதுவரைக்கும் கத்தி, கத்திரி எதுவும் அந்தத் தலையில் படாது" என்று ஒரு வரியைக் கூடச் சேர்த்தேன். யாரும் சேர்க்கச் சொல்லவில்லை. நிபந்தனையை நாமே கடுமையாக்கிக்கொண்டால் சாமியால் மறுக்க முடியாது என்று நினைத்தேனோ என்னவோ. பிள்ளை தேறினாள். அதனால் அந்த வரியும் என் மனதில் கையெழுத்தாகி முத்திரையாகிவிட்டது. அதை மீறினால் கொடுத்தது திரும்பிப் போய்விடும் என்று ஒரு பயம். தெம்பாக இருக்கும் நாட்களில் அது எனக்கே வேடிக்கையாக இருக்கும். அவள் இரண்டு தும்மல் போட்டால் போதும், வேடிக்கை போய்விடும்.

முதல் மாசியில் என் மாமியார் இறந்து வருஷம் திரும்பாததால் நேர்த்திக்கடன் செலுத்தக் கூடாது என்றார்கள். அடுத்த மாசியில் அண்ணன் வர முடியவில்லை. அவன் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் வேலை பார்க்கிறான். வடக்கே எங்கேயோ ஒரு பாறையில் வண்டி மாதக்கணக்கில் நின்றுவிட்டது. மூன்றாம் மாசியில் யாருக்கு முதல் மாலை என்று பங்காளிகளுக்குள் சண்டை வந்து கோயிலைப் பூட்டிவிட்டார்கள். ஒவ்வொரு மாசியும் தள்ளிப்போகப் போக முடி நீண்டது, அந்த ஒரு வரியும் எனக்குள் கனத்தது. நான்காம் மாசிக் களரிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அண்ணனுக்கு போன் போட்டேன். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன்.

"மொதலாளி லீவு தர மாட்டேங்கிறாருத்தா" என்றான். "ரெண்டு வண்டி ஓடுது, ஆளு இல்லங்கிறாரு."

"இந்த வருசமும் வரலைன்னா நான் என்ன செய்யட்டும்? ஒன் மடியில வச்சுல்ல எறக்கணும்?"

என் குரல் உடைந்தது அவனுக்குக் கேட்டிருக்கும். சின்ன வயதிலிருந்தே நான் அழப் போகிறேன் என்றால் அவன் ஏதாவது கோணங்கித்தனம் செய்வான். "அப்ப ஒண்ணு செய்யி" என்றான். "முடிய மட்டும் பார்சல்ல போட்டு விடு. மடியில வச்சுக்கிட்டு போட்டா பிடிச்சு அனுப்புறேன்."

நான் அவனைத் திட்டினேன். "வெளாட்டுக்குச் சொன்னேன்த்தா. எப்பாடு பட்டாச்சும் வந்துருவேன்" என்று சொல்லி போனை வைத்தான். மகள் அந்த நேரத்தில் சுவரோரம் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் வாத்துக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். வாத்து சாப்பிட மறுத்ததால் அவளுக்கு எங்களைக் கவனிக்க நேரமில்லை என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே வீட்டில் சத்தமே இல்லை. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் சத்தம் கேட்டால் வேலை கெடும், சத்தம் கேட்காவிட்டால் உயிரே போகும். ஈரத் துணியோடு இறங்கி ஓடினேன். கட்டிலுக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. பக்கத்தில் என் வேலைப் பை திறந்து கிடந்தது.

வெளியே இழுத்தேன். கையில் நான் கட்டுத்துணி வெட்டும் கத்திரிக்கோல். முனை மழுங்கலானது, தோலைக் குத்தாது என்று நான்தான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். வலது பக்கம், நெற்றியிலிருந்து காது வரை, ஆடு மேய்ந்த மாதிரி இருந்தது. வெட்டிய முடியைச் சுருட்டி, சத்து மாத்திரை போட்டுக் கொடுக்கும் என் காகிதக் கவர் ஒன்றில் திணித்திருந்தாள். கவரின் மேல் நீலப் பேனாவால் வளைந்து வளைந்து நாலு கோடு. முகவரி.

"மாமாவுக்கு பார்சல்" என்றாள். "ஒட்டணும்மா. சோறு குடு."

எங்கள் வீட்டில் காகிதம் எதையாவது ஒட்ட வேண்டும் என்றால் ஒரு பருக்கைச் சோறுதான். அதைத்தான் கேட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கவரிலிருந்து ஒரு கொத்தை எடுத்து, அது இருந்த இடத்திலேயே தலையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. மகள் என் கஷ்டத்தைப் பார்த்து இரக்கப்பட்டாள்.

"சோறு வச்சு ஒட்டும்மா" என்றாள்.

அதற்கப்புறம்தான் காதைப் பார்க்கத் தோன்றியது. காயமில்லை. ஆனால் நான் ஒரு நர்ஸ், ஒரு தாய்; கத்திரிக்கோலோடு இருந்த பிள்ளையின் காதை முதலில் பார்க்காமல் முடியைப் பார்த்தேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

தறிக்கூடத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் மகளைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். என் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்தினார். "ஒரு கொத்து முடிதான? மிச்சத்த எறக்குனாப் போச்சு" என்றார். அப்போதுதான் நான் வேண்டிக்கொண்ட கூடுதல் வரியை முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன்.

"கத்திரி படாதுன்னா வேண்டுன? யாரு ஒன்னய அப்பிடிச் சொல்லச் சொன்னா?"

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "யாருகிட்டயும் சொல்ல வேணாம்" என்றார். மகளுக்கு மாசி வெயிலில் கம்பளிக் குல்லாவை மாட்டினோம். இது ரகசியம், யாரிடமும் சொல்லக் கூடாது என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னோம். அவள் மிகவும் பொறுப்பாகத் தலையாட்டினாள்.

மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "என்ன பாப்பா, இந்தக் காங்கைக்குக் குல்லாப் போட்டுருக்க?" என்று கேட்டார். "உள்ள ரகசியம் இருக்கு. எங்கம்மா சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காக" என்றாள். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அங்கன்வாடியில் அன்றைக்கு வரிசை கலைந்துபோயிற்று. சாமி முடி ரகசியமாகிவிட்டதால் தொட்டுக் கும்பிட முடியாது என்று அவளே அறிவித்துவிட்டாள். வெள்ளைக் கரு வரும்படி நின்றுபோனதில் அவளுக்கு வருத்தம்தான்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் என் கணவரின் அண்ணன் குடும்பம். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மாமியார் போனபிறகு குலசாமி காரியங்களில் அவர் சொல்வதுதான் முடிவு. அவருக்குத் தெரியாமல் மாசிக் களரி வரை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் மகள் தானாகவே அவர் வீட்டு வாசலில் போய் நின்று, "பெரியம்மா, என் குல்லாக்குள்ள என்ன இருக்குன்னு நீங்க கேக்கக் கூடாது" என்றாள்.

அக்கா குல்லாவைக் கழற்றிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"யாரு வெட்டுனது?"

"அவளேதான்க்கா."

"எதுல?"

"என் கத்திரியில."

"அடியாத்தி" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கும் என்னுடைய அதே பயம்தான் என்று தெரிந்துபோயிற்று. ஒரு மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்தின் கீழ் வைக்கச் சொன்னார். வெட்டிய முடியில் ஒரு இழைகூடக் குறையாமல் கோயிலுக்கு எடுத்துவரச் சொன்னார். நான் மறுபடி கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன். ஊரில் மூட நம்பிக்கை ஒழிக்கும் கூட்டத்தில் பேசிய அதே வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு தரையைத் தடவினேன்.

செவ்வாய்க்கிழமை மகளுக்குக் காய்ச்சல் வந்தது.

அந்த வாரம் அங்கன்வாடியில் எட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். நானே வீடு வீடாகப் போய் மருந்து கொடுத்தேன். சளிக் காய்ச்சல், மூன்று நாளில் விட்டுவிடும், பயப்படாதீர்கள் என்று எட்டுத் தாய்மாரிடமும் சொன்னேன். ஒன்பதாவது பிள்ளை என் மகள். காரணம் தெரியும், மருந்து தெரியும், அளவு தெரியும். இருந்தும் அவள் முனகும்போதெல்லாம் எனக்குக் கத்திரிக்கோலின் சத்தம் கேட்டது. ஒரு நோட்டில் மணிக்கு ஒருமுறை சூட்டை எழுதிவைத்தேன், அடித்தல் திருத்தல் இல்லாமல். தலையணைக்கு அடியில் வேப்பிலையும் வைத்தேன். யாராவது நர்ஸாக வந்து என்னிடம் அறிவுரை சொல்லியிருந்தால் அன்றைக்குக் கதவைத் திறந்திருக்க மாட்டேன்.

மகள் காய்ச்சலிலும் தன் வேலையில் குறைவைக்கவில்லை. "மாமாவுக்கு பார்சல் போயிருச்சா?" என்று கேட்டாள். "போயிருச்சு" என்றேன். "மடியில வச்சுக்கிட்டாகளா?" "வச்சுக்கிட்டாக." திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை நேர்த்திக்கடன் முடிந்துவிட்டது. நான் மட்டும்தான் இன்னும் அதைச் சுமந்துகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காய்ச்சல் விட்டது. எட்டுப் பிள்ளைகளுக்கும் எப்படி விட்டதோ அப்படியே விட்டது. ஆனால் எனக்கு அது சாமி கொடுத்த தவணையாகத்தான் தோன்றியது.

குலசாமி கோயில் நரிக்குடியைத் தாண்டி உள்ளே, ஒரு கண்மாய்க் கரையில், கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. களரி அன்று காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பங்காளி வீடுகள் எல்லாம் வந்து பொங்கல் வைத்துக்கொண்டிருந்தன. அண்ணன் எங்களுக்கு முன்பே வந்துவிட்டான். லீவு கிடைத்ததா, சொல்லாமல் வந்தானா என்று நான் கேட்கவில்லை. கைநகங்களில் கிரீஸ். கையில் மருமகளுக்கு வாங்கிய பட்டுப் பாவாடைச் சட்டை. அவன் அவளைக் கடைசியாகப் பார்த்தது ஒரு வயதில். அவன் வாங்கியதும் ஒரு வயதுச் சட்டைதான். அவள் அதைத் தலையில் மாட்டிப் பார்த்தாள், குல்லாவைக்கூடத் தாண்டவில்லை. "என்ன மாமா, வாத்துக்கா வாங்கிட்டு வந்தீக?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, குல்லாவைக் கழற்றப்போகும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

வரிசையில் எங்கள் முறை வந்தது. அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டான். முடி எடுக்கிறவர் தண்ணீர்க் கிண்ணத்தோடு முன்னால் குந்தி, குல்லாவைக் கழற்றினார். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து யாரோ ஒரு பெரியவர், "கத்திரி பட்ட முடியா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொல்லிவிட்டாள். "நான்தான் வெட்டுனேன். எங்கம்மா கத்திரியில. மாமாவுக்கு பார்சல் போட்டோம்." பிறகு அண்ணாந்து அவனைப் பார்த்தாள். "ஒங்களுக்கு வந்துச்சுல்ல மாமா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. அவன் முகம் சுருங்கிப்போனது. "வந்துச்சு மருமகளே" என்றான். "பத்தரமா வச்சிருக்கேன்."

பூசாரி வந்து தலையைப் பார்த்தார். வெட்டின முடி எங்கே என்று கேட்டார். நான் மகள் பார்க்காமல் மாத்திரைக் கவரைக் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்காமலே சாமி காலடியில் வைத்துவிட்டு, "ஆகட்டும், அடுத்தாளு நிக்கிறாக" என்று போய்விட்டார். நான் தூங்காமல் கிடந்த நாட்களுக்கெல்லாம் அவ்வளவுதான் தீர்ப்பு. அது மன்னிப்பா, அவசரமா என்று எனக்குப் புரியவில்லை. பயம் இருந்த இடத்திலேயே இருந்தது.

கத்தி ஓட ஆரம்பித்தது. மற்ற பிள்ளைகள் எல்லாம் கத்திக் கூப்பாடு போட்டுக்கொண்டிருக்க, இவள் மட்டும் முடி எடுக்கிறவருக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தாள். "இங்கிட்டு விட்டுட்டீக பாருங்க." முடி பாளம் பாளமாக அண்ணனின் மடியில் விழுந்தது. இடது காதுக்கு மேலே கத்தி போனபோது, துவரம்பருப்பு அளவில் ஒரு வெள்ளைத் தழும்பு தெரிந்தது.

"ஏத்தா, இது என்ன தழும்பு?" என்றான் அண்ணன். "விழுந்து கிழுந்து வச்சாளா?"

தெரியவில்லை என்று சொல்லப் போனேன். அப்போதுதான் அந்தக் கண்ணாடி அறைக்குள் நான் முதன்முதலாகப் போன நாள் ஞாபகம் வந்தது. பிறந்து ஆறாம் நாள். பிள்ளையை என் நெஞ்சோடு சேர்த்து வைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வார்டு சிஸ்டர் அவள் தலைத் துணியைச் சரிசெய்ய விலக்கினார். இடது காதுக்கு மேலே ஒரு பக்கம் மழித்து, பஞ்சும் பிளாஸ்திரியுமாக ஊசி ஏற்றியிருந்தது. "கையில நரம்பு கிடைக்கலம்மா, நேத்து தலையில போட்டோம். கொஞ்சம் முடி வழிச்சிருக்கோம், வளந்துரும்" என்றார். நானும் நர்ஸ் அல்லவா, "சரி சிஸ்டர்" என்று தலையாட்டினேன். எந்த பிளேடு, எந்தக் கை என்று நான் கேட்கவில்லை. அது மருத்துவம். நான் மூன்றாம் நாள் வேண்டியது சாமி காரியம். இரண்டையும் நான் ஒரே பதிவேட்டில் எழுதவில்லை.

வேண்டி இரண்டு நாள்கூட ஆகவில்லை, கத்தி பட்டிருந்தது. அதன் வழியாகப் போன மருந்தில்தான் பிள்ளை தேறினாள். அப்புறம் மூன்றரை வருஷம் நான் அந்த வரியைக் காத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன?" என்று அக்கா என் தோளைத் தொட்டார்.

"ஊசி போட்ட எடம்க்கா" என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன். அக்காவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு, கையில் கிடைக்கும் காகிதத்தை எல்லாம் உரக்கப் படித்துக் காட்டுகிறாள். பெரியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் படிப்பாள். நான் முன்பே எழுதிவைத்த பக்கங்களில் முட்டை வரும் இடத்தை மட்டும் அவள் ஒத்துக்கொள்வதில்லை. மஞ்சள் கரு தனக்குப் பிடிக்கும் என்கிறாள்.

அன்றைக்கு அந்தத் தழும்பைப் பார்த்தபோது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு விதி இருந்தது. இதைச் செய்யாமல் இருந்தால் பிள்ளை பத்திரம் என்று ஒன்று இருந்தது. அது முதல் வாரத்திலேயே இல்லாமல் போயிருக்கிறது. இனி எதைச் சரியாகச் செய்தால் அவள் பத்திரமாக இருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. முடி எடுக்கிறவர் கத்தியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அண்ணன் இரண்டு கையாலும் மருமகளின் தலையில் சந்தனத்தைப் பூசினான், அந்தத் தழும்பின் மேலும் சேர்த்து.

திரும்பும் பஸ்ஸில் அவள் என் மடியில் தூங்கிப்போனாள். சந்தனம் காய்ந்து வெடித்து என் சேலையெல்லாம் உதிர்ந்தது. உள்ளங்கையை அவள் தலையில் வைத்தேன். கைக்கும் தலைக்கும் நடுவில் முடி இல்லாமல் அவளைத் தொட்டு நெடுநாள் ஆகிவிட்டது. சூடாக இருந்தது. ஜன்னல் வெயில்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நரிக்குடியில் பஸ் நின்றபோது இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். திருச்சுழியில் ஒரு தடவை.